அடிஸ் அபாபாவிலிருந்து ஒருவழியாக

"வண்டிய எடுங்க, வண்டிய எடுங்க! இது இன்னா உங்க வீட்டு வாசலா?"

சென்னை விமான நிலைய வாசலில் விசிலோடு நின்றவர், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு தரம் ஊதிக்கொண்டே இதைச் சொல்லி முடித்தார்.

"சார், ஆம்பூர்லேர்ந்து வர்றோம் சார்," என்றார் கோதண்டபாணி, கார் ஜன்னலில் தலையை நீட்டி.

"அமெரிக்காலேர்ந்து வந்தாலும் இங்க நிக்கக் கூடாது. எடுங்க."

மதியழகன் வண்டியை எடுத்தான். அவன் கோதண்டபாணிக்குப் பக்கத்து வீடு. வாடகைக் கார் ஓட்டுகிறவன், நாற்பது வயது. காலை ஆறு மணிக்கு ஆம்பூரை விட்டபோது பாடிக்கொண்டு வந்தான். இப்போது பாடவில்லை.

"மாமா, இது மூணாவது ரவுண்டு. வெளிய போய்த் திரும்பி வர்றதுக்கே இருபது நிமிஷம் ஆவுது."

"அப்ப பார்க்கிங்ல போடேன்."

"போனேனே! மொத ரவுண்டுல நீங்க இறங்கினப்புறம் அங்கதான போனேன். மாடி மாடியா சுத்தி ஏறிச்சு. இறங்குற வழி தெரியாம ஒரு சினிமா கொட்டாய் வாசல்ல போய் நின்னேன். இன்னா படம் வேணும்னு கேக்குறான் மாமா."

கோதண்டபாணி மடியில் இருந்த அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். ஷூப் பெட்டி மூடியின் பின்பக்கத்தில் அவரே கொட்டை எழுத்தில் எழுதியது: நிசார் அஹமது.

இன்னும் இரண்டு நாளில் கோதண்டபாணிக்கு அறுபதாம் கல்யாணம். பத்திரிகை முந்நூறு பேருக்குப் போயிருந்தது. ஆனால் "நீ வராம நான் மாலையத் தொட மாட்டேன்" என்று அவர் எழுதியது ஒரே ஒரு ஆளுக்குத்தான்.

நிசாரும் அவரும் ஒரே தோல் கம்பெனியில் இருபது வருஷம் இருந்தவர்கள். நிசார் சாயம் கலக்குகிறவர். கோதண்டபாணி தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவர். கம்பெனி மூடினபோது எத்தியோப்பியாவுக்கு ஆள் எடுக்க ஒரு ஏஜெண்ட் வந்தான். தேறினது இரண்டு பேர். இருந்தது ஒரு இடம்.

"எனக்குக் குளிர் ஒத்துக்காதுடா. நீ போ," என்றார் கோதண்டபாணி. அவர் குளிரைக் கண்டதே ஏலகிரி மலையில் ஒரே ஒரு டிசம்பரில்தான்.

நிசார் போனார். கோதண்டபாணி ஒரு ஷூ கம்பெனியில் பெட்டி ஒட்டினார், பிறகு பெட்டி அடுக்கினார், கடைசியில் பெட்டிகளுக்குக் காவல் இருந்தார். "அன்னிக்கு நீங்க போயிருந்தா..." என்று மனைவி ராஜம்மாள் ஆரம்பிக்கும்போதெல்லாம், "நிசாரு போனான்ல? நானே போன மாதிரிதான்," என்பார். பதினெட்டு வருஷத்தையும் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டியிருந்தார். நிசாருக்கு ஊரில் சொந்தமென்று யாரும் மிச்சமில்லை. எத்தியோப்பியாக் கம்பெனியின் மெட்ராஸ் ஆபீஸ் என்று அவர் கொடுத்த விலாசத்துக்குக் கடிதம் போட்டால் போய்ச் சேரும், அங்கிருந்தே பதிலும் வரும். நல்லா இருக்கேன் என்று எழுதுவார். எப்படி நல்லா இருக்கிறார் என்று எழுதமாட்டார். அதை அவர் வாயால் கேட்டுவிட வேண்டும். கோதண்டபாணிக்கு அறுபதாம் கல்யாணத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது.

பதினோரு மணிக்கு வருகிறேன் என்றிருந்த ஆளைப் பன்னிரண்டாகியும் காணோம். கடிதத்தில் கொடுத்திருந்த நம்பருக்கு நாலாவது தடவை போட்டதும் எடுத்தார்.

"நிசாரு! எங்கடா கீறே?"

"வந்துட்டேன், வந்துட்டேன். நீ எங்க நிக்கிறே?"

"வண்டில சுத்திட்டிருக்கேன். இதோ வாசலுக்கு வர்றேன். ஜனமெல்லாம் வெளிய வருதே, அந்த வாசல்."

"அங்கயே நில்லு. நகராதே. நான் வர்றேன்."

போனுக்குள் நீளமாக ஒரு ஹாரன் கேட்டது.

"இன்னாடா, பஸ் சத்தம் கேக்குது?"

"டீவிடா. இங்க டீவி ஓடுது."

நகராமல் நிற்பது கோதண்டபாணியின் உடம்பிலேயே இல்லாத குணம். நாலாவது ரவுண்டில் இறங்கி வாசலில் இருபது நிமிஷம் நின்றார். அதற்குள் வாசல்கள் இரண்டு, மூன்று இருப்பது கண்ணில் பட்டுவிட்டது. சுற்றிவிட்டு வந்த மதியழகனை விசில்காரர் மறுபடி விரட்ட வந்துகொண்டிருந்தார். கோதண்டபாணி அட்டையைக் காருக்குள் போட்டார்.

"மதி, நான் அந்தக் கடைசி வாசல்ல பாக்குறேன். நீ சுத்திட்டே வா. நிசார் அஹமதுன்னு ஆள் வந்தா அட்டையக் காட்டி ஏத்திக்கோ. நிக்காதே, உடனே எடுத்துடு."

"அடையாளம் மாமா?"

"ஒல்லியா இருப்பான். தாடி இருக்கும், இல்லாமயும் இருக்கும். பதினெட்டு வருஷமாச்சேடா!"

கடைசி வாசலில் நிசார் இல்லை. நடு வாசலில் இல்லை. பெட்டி தள்ளுகிறவர்கள் எல்லாரும் கோதண்டபாணியின் கால் மேலேயே தள்ளினார்கள். மூச்சு வாங்க ஒரு தூணில் சாய்ந்தபோது பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தொட்டது.

"கோதண்டம்."

திரும்பினார். வெள்ளைத் தாடி, தொப்பி, மடிப்புக் கலையாத புதுக் கோட்டு, கையில் ஒரு தோல் பை. கோதண்டபாணி முதலில் பார்த்தது பையைத்தான். தோல் தொழிலில் ஊறினவர்கள் மனுஷனை அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். வாங்கித் தடவினார், ஓரத்தை மடித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"மலைச் செம்மறி. எத்தியோப்பியாச் சரக்கு. ஏ கிரேடு! இந்த வழவழப்பு நம்ம ஊர்ல சத்தியமா வராது."

"வராது," என்றார் நிசார்.

அப்புறம்தான் இருவரும் கட்டிக்கொண்டார்கள். கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. பெட்டி தள்ளிய ஒரு அம்மாள் இரண்டு தரம் எக்ஸ்கியூஸ் கேட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனாள்.

"நான் உள்ளேர்ந்து வருவேன்னு கண்ணு பூத்துப் பாத்துனு இருக்கேன், நீ முதுகுப் பக்கமா வர்றே?"

"வேற வழியா விட்டுட்டான்."

"பெட்டி கிட்டி?"

"இவ்ளோதான்." நிசார் அவர் கையை விடாமலே பிடித்திருந்தார். "கோதண்டம், வண்டில ஏறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா..."

போன் அடித்தது. மதியழகன்.

"மாமா, பாய ஏத்திட்டேன்! ஆறு பெட்டி! டிக்கி மூடல, கவுத்துல கட்டியிருக்கேன்!"

"எந்தப் பாயடா?"

"நிசார் அஹமது பாய். அட்டையப் பாத்துட்டு அவரே வந்தாரு. ஆம்பூரான்னு கேட்டேன், வாணியம்பாடின்னாரு. பதினைஞ்சு கிலோமீட்டரு, இதுல இன்னா வந்துதுன்னு ஏத்திட்டேன்."

"இறக்குடா அவர!"

"எங்க இறக்குறது? பாலத்து மேல இருக்கேன்."

மதியழகன் திரும்பி வர அரை மணியாயிற்று. துபாயிலிருந்து வந்த நிசார் அஹமது பின்சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டிருந்தார். அவருடைய மகன் மூன்று போன்களோடு வாசலில் அழுகிற நிலையில் நின்றான். விசில்காரர் இந்தத் தடவை ஊதவில்லை. மனம் விட்டுப் போய், அவரே இரண்டு பெட்டியை இறக்கிக் கொடுத்தார்.

"ரொம்ப சந்தோஷம் பாய்," என்றார் துபாய்க்காரர் கோதண்டபாணியிடம். "புளிச்சோறு ஃபர்ஸ்ட் கிளாஸ். வீட்ல சொல்லுங்க."

கோதண்டபாணி மதியழகனைப் பார்த்தார்.

"பிளேன்ல ஒண்ணுமே குடுக்கலன்னாரு மாமா. பாவமா இருந்துச்சு."

"அது மூணு பேருக்கு கட்டினதுடா!"

"ரெண்டு பேருதான் சாப்ட்டோம்."

ஒருவழியாக வண்டி வெளியே வந்தபோது மணி இரண்டரை. கோதண்டபாணி பின்சீட்டில் நண்பனின் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். இந்த நிமிஷத்துக்காகத்தான் பதினெட்டு வருஷம்.

"சொல்லுடா. அடிஸ் அபாபா மலை மேலயா?"

"மலை மேலதான்."

"குளிரு?"

"ஜாஸ்தி."

"நம்ம ஏலகிரி மாதிரியா?"

"ஏலகிரி இன்னா ஏலகிரி. அதெல்லாம் ஜுஜுபி."

கோதண்டபாணி தானே அந்தக் குளிரில் நின்ற மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டார். "சாப்பாடு?"

"தோசை மாதிரி ஒண்ணு. தாம்பாளம் சைஸுல, புளிப்பா. எல்லாரும் ஒரே தட்டுல சுத்தி உக்காந்து பிச்சுத் தின்பாங்க."

"மதி, கேட்டியா? ஒரே தட்டாம்!"

"நம்ம புளிச்சோறு மாதிரி," என்றான் மதியழகன்.

நிசார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு மெதுவாக, "கோதண்டம், அந்த ஏஜெண்ட் இருந்தானே, அன்னிக்கு இதே ஏர்போர்ட் வாசல்ல என்ன நிக்க வெச்சுட்டு..." என்று ஆரம்பித்தார்.

மறுபடி போன். ராஜம்மாள்.

"பாய் அண்ணன் வந்துட்டாரா? சாப்ட்டாரா? இன்னாது, இன்னும் சாப்பிடலியா? நான் கட்டிக் குடுத்தது? யாரு? எந்த வாணியம்பாடி? அந்தப் போன அண்ணன்கிட்ட குடுங்க!"

நிசார் வாங்கினார். "நல்லா இருக்கேம்மா. ஆமாம்மா. குளிரு ஜாஸ்திதாம்மா. இல்லம்மா, இப்ப குளிரல." கொடுத்துவிட்டுத் தொப்பியால் முகத்தைத் துடைத்தார். ஆரம்பித்த பேச்சு அப்படியே நின்றுபோயிற்று.

"ஊருக்கே போய் சாப்ட்டுக்கலாம்," என்றார்.

"நடக்காது. பதினெட்டு வருஷம் கழிச்சு நம்ம மண்ணுல நீ தின்ற மொத சோறு. நல்ல பிரியாணியா இருக்கணும். மதி, உன் போன்ல பாரு."

மதியழகனின் போன் முதலில் கூட்டிப் போன இடத்தில் உள்ளே ஒரே இருட்டு. மெனு கார்டைப் போன் வெளிச்சத்தில் படிக்க வேண்டியிருந்தது. பூந்தொட்டி அளவு மண்சட்டியில் பிரியாணி வருமாம், நாற்பது நிமிஷம் ஆகுமாம், அதுவரை சூப் குடிக்கலாமாம். மூவரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

இரண்டாவது கடையில் வாசல் முழுக்க ஆம்பூர் என்று எழுதியிருந்தது. கோதண்டபாணிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கல்லாவில் இருந்தவரிடம் போனார்.

"ஆம்பூர்ல நீங்க எந்தப் பக்கம்?"

"ஆம்பூர்லயா? அது பிரியாணியோட பேருங்க."

அரிசி விரல் நீளத்துக்கு இருந்தது. சீரகச் சம்பா இல்லாத சோற்றைப் பிரியாணி என்று ஒப்புக்கொள்ள ஆம்பூரில் யாரும் பிறக்கவில்லை. வெளியே வந்தார்கள். கார் நின்ற இடத்தில் முன்னாலும் பின்னாலும் பஸ்.

"திரும்பக்கூட முடியல மாமா. பேஜாராப் போச்சு."

பசி நிசாருக்கும்தான். பொறுக்கமாட்டாமல் வாய் திறந்துவிட்டார். "அங்க திருப்ப விடமாட்டான். ரெண்டாவது லெப்ட்ல போய் ஸ்கூல் சந்து வழியா வா. நேரா மெயின் ரோட்ல விடும்."

மதியழகன் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். "எப்படி பாய் தெரியும்?"

நிசார் ஒரு நிமிஷம் யோசித்தார். "பிளேன் இறங்கும்போது மேலேர்ந்து பாத்தேன்."

"பாத்தியாடா மதி! கண்ணப் பாரு. சாயக் கலர அரைப் புள்ளி வித்தியாசம் புடிக்கிற கண்ணு அது."

ஸ்கூல் சந்து முடிகிற இடத்தில் புகை. விறகுப் புகை. அதற்குள் மிளகாயும் கறியும் சேர்ந்த ஒரு வாசனை.

"நிறுத்து!" என்றார் கோதண்டபாணி.

"நிறுத்தாதே," என்றார் நிசார்.

மதியழகன் நிறுத்தினான்.

தகரக் கூரை, நாலு மேஜை, பெயர்ப் பலகை இல்லை. வாசலில் கருத்துப்போன பிரியாணித் தேக்சா. மூடியின் மேல் நெருப்புக் கங்கு போட்டுத் தம் கட்டியிருந்தது.

"இதான்டா கடை!"

"வேணாம் கோதண்டம். சுத்தம் இருக்காது."

"வெளிநாட்ல இருந்துட்டு வந்தா இதான் பேச்சு. தோல் ஊற வெக்கிற சுண்ணாம்புத் தொட்டி ஓரத்துல உக்காந்து சோறு தின்னவன்டா நீ!"

"வயிறு சரியில்லடா."

"இப்பதான் பசிக்குதுன்னே?"

"அது... பசிதான். ஆனா வயிறும் சரியில்ல."

கோதண்டபாணி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நிசார் கோட்டுப் பையிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டார். தொப்பியைப் புருவம் வரை இறக்கினார்.

"இன்னாடா இது?"

"தூசி ஒத்துக்கல."

மூலை மேஜையில், அடுப்பங்கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கோதண்டபாணி எதிரில் உட்கார்ந்தார். மதியழகன் வயிறு நிறைந்த மனுஷனாக வெளியே காருக்குக் காவல் நின்றான்.

பரிமாறுகிற பெண் ஒருத்திதான். ஜோதி என்று கல்லாவிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். இரண்டு இலையை வீசிப் போட்டாள், சோற்றைக் கொட்டினாள், கத்திரிக்காயை வைத்தாள். கூட்டம். யார் முகத்தையும் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

கோதண்டபாணி முதல் வாய் வைத்தார். இலையில் சோற்றைப் பரப்பி, தோலைப் பார்க்கிற மாதிரியே குனிந்து பார்த்தார்.

"நிசாரு, ஒவ்வொரு அரிசியும் ஒரே ஷேடுடா. ஒரு லாட்டுல ஒண்ணுகூட மாறல. கறியப் பாரு. மேலயும் ஏறியிருக்கு, உள்ளயும் ஏறியிருக்கு. ஊர்லயே இப்ப எவன் இப்படிப் போடுறான்?"

நிசார் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு தலை குனிந்து தின்றார். "உப்பு கம்மி," என்றார்.

"உனக்கு இன்னா தெரியும்! வெந்நி வெக்கத் தெரியாதவன் நீ. வெள்ளிக்கிழமை மதியம் கம்பெனி கேட்ல நிப்போமே, ஞாபகம் இருக்கா? தொழுதுட்டு நீ வர்ற வரைக்கும் நான் டிபன் பாக்ஸத் தொறக்க மாட்டேன். கையக் கழுவி, கழுவி, மோந்து பாப்போம். சாயம் போவாது. சிவப்புச் சாயம் ஓடின நாள்ல சோறும் சிவப்பா இருக்கும்."

"நீலம் ஓடின நாள்ல?"

"பட்டினி!"

இருவரும் சிரித்தார்கள். கோதண்டபாணிக்குச் சிரித்த வேகத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. காரத்தால் என்று வைத்துக்கொண்டார்.

"நிசாரு, ஒண்ணு சொல்லட்டா? எனக்குக் குளிரு ஒத்துக்கும்டா. அன்னிக்கு பொய் சொன்னேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஏலகிரியில சட்டை இல்லாம படுத்து தூங்கினவன் நீ. தெரியாதா?" நிசார் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அது தெரிஞ்சதாலதான்டா எனக்குத் திரும்பி வர்ற தைரியமே வரல."

கோதண்டபாணி அதைத் தன் வழியில் புரிந்துகொண்டார். எப்பேர்ப்பட்ட மனுஷன்! கொடுத்த இடத்தை வீணாக்கக் கூடாது என்று ஒரு நாள்கூட லீவு போடாமல் உழைத்திருக்கிறான்.

"நல்லா இருந்தியாடா? அதச் சொல்லு எனக்கு. அது போதும்."

நிசார் இலையில் சோற்றை ஒரு ஓரமாக ஒதுக்கினார். "பசி இல்லாம இருந்தேன். நாலு பேருக்கும் பசி இல்லாம பாத்துக்குனேன். தினம் உன்ன நெனச்சேன்."

"போதும்டா. போதும்." கோதண்டபாணி மூக்கை உறிஞ்சினார். அவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. யாருக்காவது ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. கையைத் தூக்கினார். "அம்மா, இங்க வாம்மா!"

"கூப்பிடாதே," என்றார் நிசார் அவசரமாக.

"சும்மா இருடா. இந்தக் கைய நான் பாத்தே ஆகணும். நாளன்னிக்கு என் கல்யாணத்துக்கே கூட்டிட்டுப் போறேன்."

வெங்காயப் பச்சடி வாளியோடு ஜோதி மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"இன்னா சார், பச்சடியா?"

"பச்சடி இருக்கட்டும்மா. இத ஆக்கின மாஸ்டர் யாரு? அவரக் கொஞ்சம் கூப்பிடு. என் தோஸ்து வெளிநாட்லேர்ந்து வந்திருக்கான், அவன் முன்னாடி அவருக்கு ஒரு சலாம் போடணும்."

ஜோதி நிசாரைப் பார்த்தாள். கரண்டி அந்தரத்தில் நின்றது. கோட்டைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள், தாடைக்குக் கீழே தொங்கிய மாஸ்க்கைப் பார்த்தாள். நிசார் தலையை இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்தார். அவளுக்கு அது பச்சடி வேண்டாம் என்பதாகத்தான் பட்டது.

"மாஸ்டர நான் எங்க சார் போய்க் கூப்பிடறது? ஊர்லேர்ந்து தோஸ்து வர்றாரு, ஏர்போர்ட் வரைக்கும் போய்க் கூட்டினு வரணும்னு பதினெட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் மொத தடவையா லீவு கேட்டு, காலைலயே ஆக்கி வெச்சுட்டுப் போனாரு, அதான் கோட்டு போட்டுக்கினு உங்க எதுர்லயே உக்காந்து சாப்ட்டுனு இருக்காரே!"